கலக்கி மேல பழி, கொலை பண்றது குமிழி!

"விலங்கு செல்லுக்குச் செல்சுவர் கிடையாது. அதனால் வேகமாகக் கலக்கினால் கிழிந்துவிடும்."

இந்த ரெண்டு வரிக்கு எங்க காலேஜ்ல 2 மார்க். நான் படிச்சது பி.டெக் பயோடெக்னாலஜி. முடிச்சதும் எங்க செட்ல பாதிப் பேர் எங்க போனாங்களோ அங்கதான் நானும் போனேன், பொட்டி தட்ட. ஆனா விதியைப் பாருங்க மக்களே, ரெண்டு வருஷமா நான் ஆணி புடுங்கிட்டு இருக்கிற ப்ராஜெக்ட் ஒரு மருந்துக் கம்பெனியோடது. அவங்க பயோரியாக்டர்ல இருந்து வர்ற எண்களை வாங்கி, சேமிச்சு, கிராஃப் போட்டு, எல்லை தாண்டினா அலாரம் அடிக்கிற மென்பொருள். எதுல இருந்து ஓடி வந்தேனோ அதுவே ஆட்டோ புடிச்சு ஆபீசுக்கு வந்துடுச்சு :-)

அங்கேயும் இதே ரெண்டு வரி. பயிற்சி ஸ்லைடுல இருக்கு, மீட்டிங்ல பெரியவங்க வாயில இருக்கு, அலாரம் பட்டியல்லயும் இருக்கு. கலக்கியோட வேகம் கொஞ்சம் ஏறினா மஞ்சள் விளக்கு, இன்னும் ஏறினா சிவப்பு, ஆபரேட்டர் ஒரு கையெழுத்து, சூப்பர்வைசர் ஒரு கையெழுத்து. அடியில இருந்து எத்தனை லிட்டர் வாயு, எந்த சைஸ் ஓட்டை வழியா, என்ன வேகத்துல சீறிக்கிட்டு உள்ள வருதுன்னு கேட்க ஒரு அலாரம் கிடையாது. திருடன் கொல்லைப்புறமா வந்து போயிட்டு இருக்கான், நாம வாசல்ல கூர்க்காவை நிக்கவெச்சு விசாரிக்கிறோம்.

இந்தப் பதிவு அந்த ரெண்டு வரிக்கு எதிரா. மேட்டர் கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்துடுங்க.

பயோடெக் பக்கமே தலைவெச்சுப் படுக்காதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. மார்பகப் புற்றுநோய்க்குக் குடுக்கிற டிராஸ்டுசுமாப் கேள்விப்பட்டிருப்பீங்க. எங்க பெரியம்மாவுக்கு மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஏத்தினது அதுதான். அந்த மருந்தை மாத்திரை மாதிரி கெமிக்கல் கலந்து செய்ய முடியாது. சைனீஸ் ஹாம்ஸ்டர்ங்கிற எலி மாதிரி பிராணியோட சினைப்பைல இருந்து எடுத்து வளர்த்த செல் வகை ஒண்ணு இருக்கு. அதைப் பெரிய எஃகுத் தொட்டியில சத்துத் திரவத்துல போட்டு, 37 டிகிரில வெச்சு, ரெண்டு வாரம் போல வளர்த்தா, அது மருந்தைச் சுரக்கும். ஆய்வகத்துல ரெண்டு லிட்டர்ல பண்ணுவாங்க. உற்பத்தின்னு வந்தா ரெண்டாயிரம் லிட்டர், சில இடங்கள்ல பத்தாயிரம், அதுக்கும் மேல. ஒரு தொட்டி கெட்டா அத்தனையும் சாக்கடைக்கு. அந்த நஷ்டமும் சேர்ந்துதான் பாட்டில் விலை ஆகுது. அந்த பில்லைக் கட்ட பெரியப்பா எத்தனை பேர்கிட்ட கை நீட்டினார்னு எனக்குத் தெரியும். அதனால இது எனக்கு வெறும் தொழில்நுட்ப விவகாரம் இல்ல.

சரி, மேட்டர். இந்தச் செல்லுக்கு மூச்சு வேணும். தண்ணியில ஆக்சிஜன் கரையறது ரொம்பக் கம்மி. 37 டிகிரில காத்தோட நல்லாக் கலந்து நிக்கிற திரவத்துல லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம், அதாவது 0.2 மில்லிமோல்தான். ஒரு மில்லிக்கு 1 கோடி செல் இருக்குன்னு வெச்சுக்கோங்க, இன்னிக்கு அது சாதாரணம். அதுங்க லிட்டருக்கு மணிக்கு 3 மில்லிமோல் போல இழுக்கும். வகுத்துப் பாருங்க: கையிருப்பு 4 நிமிஷத்துக்குத்தான் வரும். டீக்கடையில டீ சொல்லிட்டு வாங்கறதுக்குள்ள அத்தனையும் மூச்சுத் திணறும். ஆக நொடிக்கு நொடி உள்ள ஊட்டிக்கிட்டே இருக்கணும்.

சின்னக் குடுவையில மேற்பரப்பு வழியாவே போதுமான ஆக்சிஜன் போயிடும். ஆனா அதே வடிவத்துல கொள்ளளவை ஆயிரம் மடங்காக்கினா, உயரமும் அகலமும் பத்து மடங்காகும், ஒரு லிட்டருக்குக் கிடைக்கிற மேற்பரப்பு பத்துல ஒரு பங்காச் சுருங்கிடும். வேற வழியில்லாம அடியில ஒரு குழாயைப் போட்டு, ஓட்டை வழியா வாயுவைக் குமிழியா விடணும். மீன் தொட்டியில புசுபுசுன்னு ஒரு கல்லு குமிழி விடுமே, அதே சமாச்சாரம். அந்தக் குழாய்க்கு ஸ்பார்ஜர்னு பேர். இந்தப் பதிவோட வில்லன் அங்க இருந்துதான் கிளம்புறான்.

இப்ப ஆதாரத்துக்கு வருவோம். 1990ல ஹூஸ்டன்ல ரைஸ் பல்கலைக்கழகத்துல குனாஸும் பாபூட்சாகிஸும் ஒரு சோதனை வெளியிட்டாங்க. கலக்கியை வேகமாச் சுத்தினா மேல சுழி விழும், சுழி வழியா காத்து உள்ள இழுபடும், குமிழியாகும். செல் சாகுது. எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இவங்க என்ன பண்ணாங்கன்னா, பாத்திரத்தை வாய் வரைக்கும் நிரப்பி, மேல காத்துக்கு இடமே இல்லாமப் பண்ணிட்டாங்க. சுழியும் இல்ல, குமிழியும் இல்ல. அப்புறம் கலக்கியைச் சுத்தினாங்க. 600, 700 ஆர்.பி.எம் வரைக்கும் செல்லுக்கு ஒண்ணும் ஆகல. கிழியும் கிழியும்னு சொன்ன கலக்கி அதேதான், அதே செல்தான். குமிழியை மட்டும் எடுத்துட்டாங்க.

கிட்டத்தட்ட அதே சமயத்துல, 1989ல, இங்கிலாந்துல சர்ரே பல்கலைக்கழகக் குழுவும் குமிழி மேற்பரப்புக்கு வந்து பிரியுற இடத்துலதான் சேதம்னு எழுதினாங்க. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துல சால்மர்ஸ் ஆளுங்க ஒரு படி மேல போய், நுண்ணோக்கியில கேமராவை மாட்டி, குமிழி உடையறதைப் படமே புடிச்சுட்டாங்க. அவங்க பார்த்தது பூச்சி செல், பாலூட்டி செல் இல்ல, அதை நானே சொல்லிடறேன். 1994ல அவங்க ஒரு கணக்கும் சொன்னாங்க: பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்காத திரவத்துல, 3.5 மில்லிமீட்டர் குமிழி ஒண்ணே ஒண்ணு உடைஞ்சா சுமார் 1050 செல் காலி. ஒரு குமிழிக்கு! தொட்டியில ஒரு நிமிஷத்துக்கு எத்தனை குமிழி உடையும்னு நீங்களே நெனச்சுக்கோங்க.

ஏன் இப்படி? பருப்புப் பாயசம் கிண்டின அனுபவம் இருக்கா? கரண்டியை எவ்வளவு வேகமாச் சுத்தினாலும் கையில ஒண்ணும் தெறிக்காது. குமிழி ஒண்ணு மேல வந்து 'டப்'னு உடையும் பாருங்க, அப்பதான் கையில சூடு. கோலி சோடாவை மூக்குக்கிட்ட கொண்டு போனா சில்லுன்னு தெறிக்கறதும் அதேதான். மேல வந்த குமிழியோட மெல்லிசான மூடி கிழிஞ்சு நொடியோட சின்னப் பின்னத்துல பின்னாடி ஓடும். அடியில இருக்கிற பள்ளம் நாலாப்பக்கமும் சரிஞ்சு, நடுவுல ஒரு ஊசி மாதிரி திரவம் மேல பாயும். செல்லோட கெட்ட நேரம், அதுக்குக் குமிழியோட தோல்ல ஒட்டிக்கிற பழக்கம் வேற. ஓசியில லிஃப்ட் கேட்டு மேல வர்றவன் மாதிரி ஏறி வந்து, சரியா வெடிக்கிற இடத்துல நிக்குது. இதுல குமிழி சின்னதா இருந்தா வெடிப்பு இன்னும் மூர்க்கம்.

கலக்கி உண்டாக்குற சுழல்களோ, சாதாரண வேகத்துல 50, 60 மைக்ரான் அளவுக்குக் கீழ போறதில்ல. செல் 15 மைக்ரான் போல. பெரிய அலை வந்தா கட்டுமரம் அலையோடவே ஏறி இறங்குமே, உடையுமா? அந்த மாதிரி செல்லும் சுழலோட போயிட்டு வந்துடும்.

பர்மிங்காம் பேராசிரியர் ஆல்வின் நீனோ 2006ல எழுதின நீளமான கட்டுரையில இந்தக் கலக்கிப் பயம் மிகைன்னு பிரிச்சு மேய்ஞ்சிருக்கார். அப்பவே எல்லாரும் தெரிஞ்சிக்கிட்டு இருக்கணும். ஆனா 2 மார்க் வினா சாகாவரம் வாங்கினது.

'சரிப்பா, தப்பா ஒரு வரி இருந்துட்டுப் போகட்டும், உனக்கென்ன'ன்னு கேப்பீங்க. அங்கதான் எனக்குக் கோவம். இது சும்மா கிடக்கிற தப்பு இல்ல, வேலை செய்யற தப்பு. கலக்கிக்குப் பயந்து மெதுவாச் சுத்தறோம். மெதுவாச் சுத்தினா குமிழி நல்லாப் பிரிஞ்சு பரவாது, ஆக்சிஜன் கரையாது. திரையில ஆக்சிஜன் அளவு இறங்கும். உடனே கட்டுப்பாட்டு மென்பொருள், அதான் எங்களை மாதிரி ஆளுங்க எழுதற பி.ஐ.டி லூப், என்ன பண்ணும்? வாயுவைக் கூட்டும். குமிழி கூடும். செல் சாகும். செத்த செல் உள்ள இருக்கிற புரதத்தைக் கொட்டும், நுரை எகிறும். நுரைக்கு நுரைக்கொல்லி ஊத்துவாங்க. அது குமிழிகளை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பெருசாக்கிடும், ஆக்சிஜன் கரையறது இன்னும் குறையும். லூப் திரும்பவும் வாயுவைக் கூட்டும். பேய்க்குப் பயந்து கிணத்துல குதிச்ச கதை. இத்தனையும் நடக்கும்போது திரையில ஆக்சிஜன் கோடு 40 சதவீதத்துல ரயில் தண்டவாளம் மாதிரி நேராப் போகும். மேனேஜர் பார்த்துட்டு 'சூப்பர்'னு சொல்லிட்டுப் போவார்.

அடுத்த கூத்து, விவிஎம். ஒரு நிமிஷத்துக்கு, ஒரு லிட்டர் திரவத்துக்கு எத்தனை லிட்டர் வாயுங்கற அளவு. சின்னத் தொட்டியில 0.01 வேலை செஞ்சுதா, பெரிய தொட்டியிலயும் அதே 0.01 வெச்சுடு, 'நிலைமை ஒண்ணுதான்'னு ரிப்போர்ட் எழுதிடு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ரெண்டாயிரம் லிட்டர்ல அது நிமிஷத்துக்கு 20 லிட்டர். தொட்டி பத்து மடங்கு உயரம், அதனால மேற்பரப்புல ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாவும் வெளிய வர்ற வாயு பத்து மடங்கு. ஒரே இடத்துல பத்து மடங்கு குமிழி உடையுது, நுரை அங்கதான் மலை மாதிரி ஏறுது. இதுவா 'அதே நிலைமை'?

ஓட்டை கதை இன்னும் மோசம். அந்த 20 லிட்டரை 1 மில்லிமீட்டர் ஓட்டை பத்து வழியா விட்டா, வாயு நொடிக்குச் சுமார் 42 மீட்டர் வேகத்துல சீறும். மணிக்கு 150 கிலோமீட்டர், வேகப்பந்து வீச்சாளர் போடற பந்து. அதே 20 லிட்டரை நாப்பது ஓட்டை வழியா விட்டா நொடிக்கு 11 மீட்டர்கூட வராது. 2008ல என்.எஸ்.ஓ-ங்கற எலி செல் வகையில பண்ண ஒரு ஆய்வுல, நொடிக்கு 30 மீட்டர் போலத் தாண்டினா ஸ்பார்ஜர் வாயிலேயே செல் அடிபடுதுன்னு காட்டியிருக்காங்க. ஆக ஒரு ஸ்பார்ஜர் எல்லைக்கு அந்தப் பக்கம், இன்னொண்ணு இந்தப் பக்கம். ரெண்டுக்கும் பதிவேட்டுல ஒரே எண்: 0.01. ஓட்டை எத்தனைங்கறது எவனோ வெல்டரோட நோட்டுல இருக்கு.

'அப்ப ரொம்ப பொடி ஓட்டையா வெச்சு, சுத்தமான ஆக்சிஜன் விடுங்களேன், கொஞ்ச வாயுவே போதுமே'ன்னு ஒரு புத்திசாலி வருவார். எங்க மீட்டிங்லயும் வந்தார். சிண்டர் பண்ண உலோகத்துல மைக்ரான் அளவுத் துளை, புகை மாதிரி குமிழி, ஆக்சிஜன் பிரமாதமாக் கரையும். உண்மைதான். ஆனா மூச்சுன்னா உள்ள இழுக்கறது மட்டுமா? வெளிய விட வேண்டாமா? ஒரு ஆக்சிஜன் உள்ள போனா கிட்டத்தட்ட ஒரு கரியமில வாயு வெளிய வரும். மேல சொன்ன ரெண்டாயிரம் லிட்டர் தொட்டியில அது நிமிஷத்துக்கு இரண்டரை லிட்டர். நீங்க 5 லிட்டர் சுத்த ஆக்சிஜன் விட்டு, அதுல பாதி கரையுதுன்னு வைங்க. வெளிய போற வாயுவுல பாதி ஆக்சிஜன், பாதி கரியமில வாயுவா இருந்தாத்தான் கணக்கு நேராகும். வேற வழியா அது வெளியேறலைன்னா, திரவத்துல கரியமில வாயுவோட அழுத்தம் 380 மி.மீ. பாதரசம் வரைக்கும் ஏறினாத்தான் அந்தச் சமநிலை வரும். நம்ம ரத்தத்துல இருக்கறது 40 போல! அதை 60 கிட்ட வெச்சுக்கணும்னா நிமிஷத்துக்கு 30 லிட்டருக்கு மேல வாயு ஓடணும். ஆக்சிஜன் ஊட்ட 5 போதும், கழிவை அள்ள 30 வேணும். சின்னக் குமிழியோ போற வழியிலேயே கரியமில வாயுவால நிரம்பிடும், பஸ்ல சீட் ரொம்பின மாதிரி, அதுக்கு மேல ஏத்திக்காது. பெரிய தொட்டிகள்ல 150, 200ன்னு ஏறி, வளர்ச்சி படுத்து, மருந்தோட தரமே மாறினது பழைய செய்தி. அமிலத்தன்மை ஏறுதேன்னு காரத்தை ஊத்தினா உப்பு கூடி அது வேற அவஸ்தை.

அதனாலதான் விவரமானவங்க ரெண்டு ஸ்பார்ஜர் வைக்கறாங்க. பெரிய ஓட்டையில காத்து, கழிவை அள்ள. பொடி ஓட்டையில ஆக்சிஜன், தேவைக்கு மட்டும். கலக்கியைத் தைரியமாக் கூட்டி, அதே ஆக்சிஜனைக் கம்மி வாயுவுல வாங்கறாங்க. ரெண்டையும் எந்த விகிதத்துல விடணும்ங்கறதுதான் நிஜமான பொறியியல்.

நியாயமா எதிர்க்கேள்வி ஒண்ணு வரும்: 'அதான் ப்ளூரானிக் போடறாங்களே?' ஆமா, போடறாங்க. போலாக்சமர் 188, லிட்டருக்கு 1 கிராம் போல. செல் குமிழியில ஒட்டிக்கறதைத் தடுக்கும். லிஃப்ட் கேட்கிற கையைத் தட்டிவிட்டுடும். இன்னிக்கு இந்தத் தொழில் நடக்கறதே அந்த ஒரு கிராம் புண்ணியத்துல. ஆனா யோசிங்க, செல்லைக் கொல்றது கலக்கின்னா, குமிழியில ஒட்டாம இருக்க வைக்கிற பொருள் ஏன் காப்பாத்தணும்? தினம் கையால அளந்து போடறதே அந்த ரெண்டு வரிக்கு மறுப்பு! அதோட இந்தப் பொருள் லாட்டுக்கு லாட் ஒரே மாதிரி வர்றதில்ல. கெட்ட லாட் வந்து செல் பாதுகாப்பு இல்லாமப் போனதை 2014ல விரிவா ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. காவல்காரன் லீவு போட்ட நாள்ல குமிழி அதே பழைய குமிழிதான்.

கலக்கி முழு யோக்கியன்னு நான் சர்டிபிகேட் குடுக்கல. சில தடுப்பூசிகளுக்கு செல்லைத் தனியா மிதக்க விடாம, 200 மைக்ரான் போல இருக்கிற குட்டி மணிகள் மேல ஒட்டி வளர்ப்பாங்க. அங்க மணியோட மணி மோதும், சுழல் மணியைவிடச் சின்னதாயிடும், செல் உரிஞ்சு வந்துடும். 1987லயே எம்.ஐ.டி.ல க்ரோகன் குழு இதைக் காட்டியாச்சு. அங்க கலக்கிக்குப் பயப்படுங்க, தப்பில்ல. அந்தப் பயத்தைக் கொண்டு வந்து தனியா மிதக்கிற செல் மேல ஒட்டினதுதான் எனக்குப் பிரச்சனை.

இப்ப என் சொந்த வயித்தெரிச்சல். எங்க மென்பொருள்ல ஸ்பார்ஜர் பத்தி ஒரே ஒரு கட்டம்: 'வாயு ஓட்டம்'. ஓட்டை விட்டம், எண்ணிக்கை, போலாக்சமர் லாட் எண், அன்னிக்கு ஊத்தின நுரைக்கொல்லி, இதையும் சேர்க்கணும்னு டிக்கெட் போட்டேன். ஓட்டைக் கணக்கு இருந்தா நுழையற வேகத்தை மென்பொருளே கணக்குப் போட்டு அலாரம் அடிக்கும், பத்து வரி கோடு. ஒரு தொட்டியில செல் திடீர்னு சரிஞ்ச மாசம் அது. கலக்கி வேகத்தோட கிராஃபை ரெண்டு வாரம் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தாங்க. ஸ்பார்ஜர் மாத்தினாங்களா, லாட் மாறுச்சான்னு நான் கேட்டதுக்கு பதில் சொல்ல யார்கிட்டயும் தகவலே இல்ல, ஏன்னா கட்டமே இல்ல. டிக்கெட்டுக்கு வந்த பதில்: 'இந்த ரிலீஸ்ல ஸ்கோப்ல இல்ல. கலக்கி அலாரம் எல்லையை இன்னும் இறக்கவும்.'

இறக்கச் சொல்றாங்கய்யா! இறக்கினா ஆக்சிஜன் குறையும், லூப் வாயுவைக் கூட்டும், மேல எழுதினதை இன்னொரு தடவை படிச்சுக்கோங்க. அந்த மாற்றத்தை என் பேர்ல அசைன் பண்ணியிருக்காங்க. ஒரு பக்கக் குறிப்பு எழுதி, ஓட்டைக் கணக்கையும் போட்டு, ஏன் இறக்கக் கூடாதுன்னு விளக்கித் திருப்பி அனுப்பியிருக்கேன். வர்ற புதன்கிழமை மீட்டிங்.

டிஸ்கி: கணக்கெல்லாம் ரஃப். மில்லிக்கு 1 கோடி செல், வாயு 37 டிகிரில, சாதாரண அழுத்தத்துல, மேற்பரப்பு வழியாப் போறதைச் சேர்க்கல. பயோடெக் படிச்சுட்டு என்னை மாதிரி பொட்டி தட்டிட்டு இருக்கிற மக்கள் இங்க நிறையப் பேர் இருக்கீங்கன்னு தெரியும். கால்குலேட்டரோட பின்னூட்டத்துக்கு வாங்க, புதன்கிழமைக்குள்ள வந்தா நல்லது.